அந்த நிலத்தில் இருந்த கிணறு இப்போது எங்கே?

கேள்வி: என் கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில், டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் உள்ள மனைப்பிரிவில் ஒரு பில்டர் அடுத்தடுத்து மூன்று தனி வீடுகள் கட்டி முடித்திருக்கிறார். நடு வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. 30க்கு 40 மனை, 1,050 சதுர அடி, இரண்டு படுக்கையறை, விலை 48 லட்சம். மனைக்கு மட்டும் 18 லட்சத்துக்குப் பத்திரம் போட்டு, வீட்டுக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் 2 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம் என்கிறார். அட்வான்ஸ் 5 லட்சம், இந்த மாதமே பதிவு என்று அவசரப்படுத்துகிறார். பேங்க் வக்கீல் பத்திரங்களைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். ஹால் ஜன்னல் மூலையில் ஒரு கீறல் தெரிகிறது. பூச்சு வெடிப்பு, எல்லா வீட்டிலும் வரும் என்கிறார் பில்டர். இதற்கு மேல் நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?
வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: இந்த மாதமே பதிவு வேண்டாம் அம்மா. மூன்று வீட்டில் பணம் முடங்கிக் கிடப்பதால் பில்டருக்கு அவசரம் இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் உங்களுக்கு இன்னும் மூன்று நான்கு வார வேலை பாக்கி இருக்கிறது.

இந்த வீட்டை உங்கள் சார்பில் இதுவரை யாருமே பார்க்கவில்லை. இடம் 500 சதுர மீட்டருக்குள், வீடுகள் எட்டுக்குள் என்றால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் பில்டரின் மூன்று மனையும் சேர்ந்து 3,600 சதுர அடி, சுமார் 334 சதுர மீட்டர்தான். சிறிய தனி வீட்டுக்குக் கட்டட நிறைவுச் சான்றும் கட்டாயமில்லை. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவதற்குச் சுயசான்று கொடுத்தே இணையதளத்தில் உடனடி அனுமதி வாங்கிவிடலாம். பேங்க் வக்கீலும் மதிப்பீட்டாளரும் பார்ப்பது, கொடுத்த கடன் திரும்பி வருமா என்பதை. ஜன்னல் மூலைக் கீறல் அவர்கள் கணக்கில் வராது. ஆகவே சொந்தமாக ஒரு வக்கீலும் சொந்தமாக ஒரு சிவில் இன்ஜினீயரும் உங்களுக்கு வேண்டும். 48 லட்சத்தில் இந்தச் செலவு பெரிதல்ல.

அந்த 2 லட்சத்து 70 ஆயிரத்தைப் பார்ப்போம். கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 48 லட்சத்துக்கு 4 லட்சத்து 32 ஆயிரம். 18 லட்சத்துக்கு 1 லட்சத்து 62 ஆயிரம். பில்டரின் கணக்கு சரிதான். ஆனால் கட்டடம் நின்றுகொண்டிருக்கிறது. கட்டுமானம் நடக்கும்போதே ஒப்பந்தம் போட்டு அதையும் பதிவு செய்தால் அது முறையான வழி. கட்டி முடித்துச் சாவி தயாராக இருக்கும் வீட்டைக் காலி மனை என்று எழுதுவது பொய் ஆவணம். மின் இணைப்பு வந்த தேதியும் வீட்டு வரி ரசீதின் தேதியும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். குறைவு முத்திரைத் தீர்வை என்று பிறகு நோட்டீஸ் வந்தால் கட்டப்போவது வாங்கியவர். நாளைக்கு வழக்கு என்று போனால் பத்திரத்தில் நீங்கள் கொடுத்ததாக இருப்பது 18 லட்சம்தான். வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரிக் கணக்கிலும் இதே சங்கடம் வரும். முழு மதிப்புக்கே பத்திரம் போடுங்கள். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் சலுகை 10 லட்சம் வரையுள்ள சொத்துக்கு மட்டும், உங்களுக்குப் பொருந்தாது. இன்னொன்று: காம்பவுண்ட், போர், ஈ.பி. என்று மேலே மேலே சேர்த்து விலை 50 லட்சத்தைத் தொட்டால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாக (டி.டி.எஸ்.) பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

இனி பத்திரங்கள். வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்குக் குறையாமல் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம், கட்டணம் இல்லை. பழைய தாய்ப்பத்திரத்தில், அதாவது நிலத்தின் முந்தைய பத்திரத்தில், சேலம் ஜில்லா என்று இருந்தால் பதற வேண்டாம். தருமபுரி 1965இல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்தும் பிரிந்தவை. ஆனால் சார்பதிவகமும் மாறியிருக்கலாம் என்பதால், எந்தக் காலத்தில் எந்த அலுவலகம் என்று பார்த்து இரண்டிலும் தேடச் சொல்லுங்கள். பில்டர் நில உரிமையாளரிடம் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கி வைத்து விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா என்பதற்கு ஆதாரம் வேண்டும். பூர்வீக நிலமாக இருந்தால் பெண் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அசல் பத்திரங்களைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அசல் வேறு எங்காவது அடமானத்தில் இருக்கும்போது ஜெராக்ஸ் மட்டும்தான் உங்கள் கைக்கு வரும். மனைப்பிரிவின் அப்ரூவல் வரைபடத்தில் உங்கள் மனை எண்ணைத் தேடி, அது பூங்காவுக்கோ பொது உபயோகத்துக்கோ ஒதுக்கிய இடம் இல்லை என்பதையும் உறுதி செய்யுங்கள்.

பெரும்பாலும் யாரும் படிக்காத பகுதி ஒன்று தாய்ப்பத்திரத்தில் இருக்கிறது. கடைசியில் வரும் சொத்து விவரத்தில் சர்வே நம்பரையும் நான்கு எல்லையையும் சரிபார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதற்குக் கீழே நான்கு வரி இருக்கும்: ‘மேற்படி நிலத்திலுள்ள கிணறு, அதிலுள்ள 5 எச்.பி. மின் மோட்டார், சர்வீஸ், மா வகையறா மரங்கள் சகிதம்’ என்று. நம் பக்கத்து மனைப்பிரிவுகளில் நிறைய இடங்கள் முன்பு மாந்தோப்பும் மானாவாரிக் காடுமாக இருந்தவை. அந்தக் கிணறு இப்போது எங்கே? பாசனக் கிணறு 30 அடி அகலம் இருந்தால் உங்கள் மனையின் முகப்பு முழுவதையும் பிடித்துவிடும். கல்லும் மண்ணும் இடிபாடும் கொட்டி மூடிய கிணறு அடங்கப் பல ஆண்டுகள் ஆகும். வீட்டின் ஒரு மூலை அதன் மேலும் மறு மூலை பாறையின் மேலும் உட்கார்ந்தால், ஒரு பக்கம் இறங்கும், மறு பக்கம் அசையாது. நடுவில் சுவர் கிழியும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அந்த சர்வே நம்பரின் புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, வருவாய்த்துறை இணையதளத்தில் எடுங்கள். பழைய கிணறு பெரும்பாலும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். மனைப்பிரிவு வரைபடத்தையும் அதே அளவுக்கு நகல் எடுத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தால், கிணறு எந்த மனையில் விழுகிறது என்று தெரிந்துவிடும். ஓடை, வாய்க்கால் போன தடமும் அப்படியே தெரியும். பக்கத்தில் இன்னும் பயிர் செய்கிறவர்களையும் கேளுங்கள். கிணறு இருந்த இடத்தை அவர்கள் கை நீட்டிக் காட்டுவார்கள்.

இப்போது உங்கள் ஜன்னல் கீறலுக்கு வருகிறேன். பூச்சு வெடிப்பு என்பது தலைமுடி போல மெல்லியதாக, வலை பின்னியது போலப் பரவியிருக்கும். பூச்சுக்குத் தண்ணீர் சரியாக விடாததால் வருவது; ஆபத்து இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேயோ கீழேயோ ஓடும் கீறல் வேறு வகை. விசிட்டிங் கார்டின் ஓரத்தை அதில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் இன்ஜினீயர் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வெளிச்சுவரில் அதே இடத்தைப் பாருங்கள். அங்கேயும் இருந்தால் சுவரே வெடித்திருக்கிறது. கீறலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, மூன்று வாரம் கழித்து நுனி கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம் என்று பில்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரே மாதிரி மூன்று வீடு இருப்பது உங்களுக்கு நல்ல வசதி. மற்ற இரண்டு வீட்டிலும் அதே ஜன்னலைப் பாருங்கள். மூன்றிலும் அதே மூலையில் கீறல் என்றால் வேலையில் குறை: ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் லிண்டல் இரு பக்கச் சுவர் மேலும் அரை அடியாவது உட்காராமல் நின்றிருக்கலாம்; அல்லது சாலிட் பிளாக் என்ற சிமென்ட் கல் ஈரம் காயாமல் சுவர் ஏறியிருக்கலாம். பிளாக்கை 14 நாள் தண்ணீர் விட்டு, பிறகு நான்கு வாரம் உலரவிட்டுத்தான் கட்ட வேண்டும். அவசரப்பட்டால் சுவருக்குள் போன பிறகு அது சுருங்கும், வெடிக்கும். உங்கள் நடு வீட்டில் மட்டும் கீறல் என்றால் சந்தேகம் மண்ணின் மேல் போக வேண்டும். அதே பக்கத்தில் தரைக்கும் சுவரடியில் ஒட்டிய ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா, டைல்ஸைக் காசால் தட்டினால் தொப் தொப்பென்று காலியாகச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். தரைக்கு அடியிலுள்ள பேஸ்மென்ட் மண்ணை முக்கால் அடி முக்கால் அடியாக நிரப்பித் தண்ணீர் விட்டுக் கெட்டிக்காமல், லாரி லாரியாக ஒரே மூச்சில் கொட்டினாலும் தரை மட்டும் இறங்கும், அது சரிசெய்யக்கூடியது. தரையும் இறங்கி, சுவரும் சாய்வாகக் கிழிந்து, புலப்படத்தில் கிணறும் அங்கேயே விழுந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

கசிவுக்கு ஒரே சோதனை தண்ணீர்தான். மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கீழே சீலிங்கைப் பாருங்கள். அடைப்பை எடுத்த பிறகு தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்பதையும் பாருங்கள். எட்டு அடிக்கு ஒரு அங்குலமாவது சரிவு வேண்டும். பாத்ரூமிலும் அப்படியே வடிகாலை அடைத்து, மறுபக்கச் சுவரின் அடிப்பாகத்தில் ஈரம் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

போர்வெல்லைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். போர் வண்டி பில்லைக் கேளுங்கள். எத்தனை அடி ஆழம், எத்தனை அடி கேசிங் குழாய் இறக்கியது, எந்த ஆழத்தில் தண்ணீர் கிடைத்தது என்பது அதிலிருந்து தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு பெரிய பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டவே கூடாது. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பல்லிலும் எலும்பிலும் பாதிப்பு வரும் விஷயம் இது, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஒகேனக்கல் தண்ணீர் அந்தத் தெருவுக்கு வருகிறதா, இணைப்பு ஊராட்சியில் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

30க்கு 40 மனையில் ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் தூரம் சரியாக 50 அடி. போரும் செப்டிக் டேங்கும் எதிரெதிர் மூலையில் இருந்தால்கூட அவ்வளவுதான் இடைவெளி. அதனால் டேங்கின் அடியும் சுவரும் கசியாமல் பூசியிருக்க வேண்டும். வெறும் சிமென்ட் உறை (வளையம்) இறக்கிச் செப்டிக் டேங்க் என்று சொல்கிறார்களா என்று மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் பாறை இருந்தால் உறைக்குள் கழிவு உறிஞ்சாது. மழைக்காலத்தில் மேலே பொங்கும்.

மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருக்க வேண்டும். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பாக இருந்தால் மாற்றிக் கொடுத்த பிறகே பதிவு. மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். ஏ.சி., கீசருக்கு 4 சதுர மி.மீ. வயர். டேப் பிடித்து மனையின் நான்கு பக்கத்தையும், அனுமதி வரைபடத்தில் காட்டிய பக்கவாட்டு இடைவெளிகளையும் அளந்துவிடுங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். ரெரா பதிவுள்ள திட்டத்தில்கூட, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. உங்களுக்கு அது 4 லட்சத்து 80 ஆயிரம். இவர் 5 லட்சம் கேட்கிறார். இப்போதைக்கு டோக்கனாக ஒரு சிறு தொகை, அதுவும் பேங்க் மூலமாக. பிறகு கிரைய ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். வில்லங்கம் தெரியவந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ அட்வான்ஸ் 15 நாளில் முழுதாகத் திரும்ப வேண்டும் என்று அதில் இருக்கட்டும். கட்டுமானக் குறைக்கு ஐந்து ஆண்டு, சொன்ன 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும் என்பது ரெரா சட்டத்தில் உள்ளது; அதையே இவரிடமும் எழுதி வாங்குங்கள். கசிவு, வயரிங், பிளம்பிங்குக்கு ஓராண்டு. உங்கள் கைப்பணத்தில் ஒரு லட்சத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாகவும் கேட்டுப் பாருங்கள். பேரம் பேசினால் ஐம்பதாயிரத்துக்கு இறங்கலாம், அடியோடு விட்டுக் கொடுக்க வேண்டாம். பின்னால் குறை தீர்க்க மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு கெடு உண்டு, அங்கே கையில் இருக்க வேண்டியது இந்தக் காகிதம்தான்.

ஒப்பந்த நகலைப் பில்டரிடம் கொடுத்துவிட்டு, எந்த வரியில் தயங்குகிறார் என்று கவனியுங்கள். ஐந்து ஆண்டு என்ற வரியில் தயங்கினால் இன்ஜினீயரை மறுபடி கூட்டிக்கொண்டு போய்ப் பென்சில் கோட்டைப் பாருங்கள். வில்லங்கம் என்ற வரியில் தயங்கினால் தாய்ப்பத்திரத்தோடு வக்கீலிடம் போங்கள்.