நிலக்காட்சிப் புகைப்படம் எடுப்பது பொறுமையையும் விசுவாசத்தையும் கற்றுத்தரும் என்கிறார்களே, உங்கள் அனுபவத்தில் உண்மையா?

என் விஷயத்தில் அது முதலில் கற்றுத்தந்தது எரிச்சலைத்தான். விசுவாசத்துக்கு அப்புறம் வருகிறேன்.

எனக்குத் தொழில் கல்யாண போட்டோ. முகூர்த்த நாள் வந்தால் மதுரைக்குள்ளேயே ரெண்டு மண்டபம் ஓடுகிற ஆள். அந்த வேலையில் எல்லாமே நம் கையில் இருக்கிற மாதிரி ஒரு மிதப்பு வந்துவிடும். "பொண்ணு, நாடியைக் கொஞ்சம் தூக்குங்க", "மாமா, ஒரு அடி தள்ளி நில்லுங்க" என்று சொன்னால் எல்லாரும் கேட்பார்கள், மாலை மாற்றியது சரியாக விழவில்லையா, இன்னொரு தடவை மாற்றச் சொல்லி எடுத்துக்கொள்வோம், வெளிச்சம் போதாவிட்டால் ஃபிளாஷ். இந்தப் பழக்கத்தோடு போய் யானைமலைக்கு முன்னால் நின்றேன். அது நாடியைத் தூக்காது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் ஒத்தக்கடையில், யானை ஒன்று தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கிற மாதிரி கிடக்கும் பாறை மலை அது. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம். நடவுக்கு உழுது தண்ணீர் கட்டிய வயல், அந்தத் தண்ணீரில் முழு யானையும் தலைகீழாக, மேலே பாறையில் காலை வெயில். அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, முதல் வருஷம் எனக்கு அது உறைக்கவே இல்லை. மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வரவேண்டும். கேரள மலையில் மழை பெய்து, 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் சேர்ந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகை அணைக்கு வந்து, அங்கிருந்து கால்வாயில் திறந்துவிட்டால்தான் இங்கே நடவு. அது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து நிற்கும், அப்போது வடகிழக்குப் பருவமழை, வானம் மூடிக் கிடக்கும். வானம் தெளிகிற தை மாதத்தில் போனால் வயலில் தண்ணீர் தெரியாது, கதிர்தான் தெரியும். இரண்டும் ஒத்துவருகிற காலை வருஷத்துக்கு நாலைந்து வந்தால் அதிகம், அதிலும் காற்றடித்தால் தண்ணீர் சிலிர்த்து யானை உடைந்துபோகும்.

முதல் வருஷம் எட்டு நாள் போனேன். விடியற்காலை நாலரைக்கு வண்டியை எடுத்து, வரப்பில் ட்ரைபாடை ஊன்றி, கால் சேற்றில் புதைய நின்று, ஆண்டவரே இன்றைக்கு மட்டும் இந்த மேகத்தை விலக்கித் தாரும் என்று ஜெபம். ஜெபம் என்று சொல்கிறேனே தவிர, அது ஆர்டர் கொடுக்கிற மாதிரித்தான் இருந்தது. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, வயலுக்குச் சொந்தக்காரர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மண்வெட்டியோடு வந்தவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "என்னப்பா, தெனமும் வந்து நிக்கிற, யானை எந்திரிக்குதான்னு பாக்குறியா?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்புறம் அண்ணாந்து பார்த்து, "இன்னும் நாலு நாளு நல்லா ஊத்துச்சுன்னா கம்மா பெருகிரும்" என்றார்.

நான் விலகச் சொல்லி ஜெபம் பண்ணிய மேகம் அது.

நீதிமான்கள் மேலும் அநீதியுள்ளவர்கள் மேலும் பிதா மழை பெய்யப் பண்ணுகிறார் என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் வருகிறதே, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் மனப்பாடம் பண்ணி ஒப்பித்த வசனம். அதில் நான் எப்போதும் நீதிமான் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த வரப்பில் நின்றபோது எந்தப் பக்கம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இதனால்தான் எங்கள் சபையில் சாட்சி சொல்லும்போது "காத்திருந்தேன், கர்த்தர் கொடுத்தார்" என்று முடிக்கிறவர்களைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். பொய் என்று சொல்லவில்லை. காத்திருந்தும் கிடைக்காதவர்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை மைக் பக்கம் கூப்பிடுவதில்லை, அதுதான். 130-ஆம் சங்கீதத்தில் விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரர், அதாவது ராத்திரிக் காவல்காரர், வருவார். அவருக்கு விடியும் என்பதில் சந்தேகமே கிடையாது, ஆனால் எந்த நிறத்தில் விடியும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்பதில்லை. நான் நிறத்தைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் நேரத்துக்குத் தண்ணீர் திறக்கவில்லை, வயல் வெடித்துக் கிடந்தது. அதற்கடுத்த வருஷம் வந்தது. கார்த்திகையில் ஒரு காலை, ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது, இலை அசையவில்லை, ஒரு கொக்கு மட்டும் தண்ணீரில். கிழக்கே மேகம் ஒரு கை அகலத்துக்குக் கிழிந்து பாறை முழுக்க வெளிச்சம். பட்டனை அழுத்தினால் கேமரா செத்துவிட்டது. முந்தின நாள் ரிசப்ஷன் முடிந்து வந்து பேட்டரியைச் சார்ஜில் போடாமல் தூங்கியிருக்கிறேன், பையில் இருந்த இன்னொன்றும் காலி. மணவாளனை எதிர்கொள்ளப் போன பத்துக் கன்னிகைகளில், விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோகாத புத்தியில்லாத ஐந்து பேரை நினைத்துக்கொண்டேன், இயேசு சொன்ன உவமை அது. அந்தக் கதையில் பத்துப் பேரும்தான் காத்திருந்தார்கள், பத்துப் பேரும்தான் தூங்கினார்கள், எண்ணெய்தான் வித்தியாசம்.

பொறுமை என்றால் அசையாமல் நிற்பது என்று நினைப்பவர்களுக்கு, அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் கதையைச் சொல்வேன். 1941-ல் நியூ மெக்சிகோவில் காரில் போகும்போது ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊரின் கல்லறைச் சிலுவைகள் மேல் சாயங்கால வெயிலும் மேலே நிலாவும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். வெளிச்சத்தை அளக்கிற லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது மனதில் இருந்ததால் அதை வைத்தே எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் விடவேண்டும் என்பதை, கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுக்கப் பிளேட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகளில் இருந்த வெயில் போய்விட்டது. அந்த மனுஷன் அங்கே காத்திருக்கவே இல்லை. காத்திருப்பு எல்லாம் அதற்கு முந்தைய வருஷங்களில் நடந்து முடிந்திருந்தது.

என்னிடம் அந்தக் கார்த்திகைக் காலை படமாக இல்லை. செல்போனில் ஒன்று எடுத்தேன், கை நடுக்கத்தில் கொக்கு வெள்ளைத் துணி மாதிரி விழுந்திருக்கிறது. அன்றைக்கு நானும் அந்த வயல்காரப் பெரியவரும் வரப்பில் உட்கார்ந்து வெளிச்சம் வெளுக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். படம் எடுத்திருந்தால் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், சத்தியமாக.

போன வாரம் அவரே போன் பண்ணினார். தண்ணீர் வந்துவிட்டதாம், உழவு நடக்கிறதாம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம் இருக்கிறது, சனிக்கிழமை காலை போகிறேன். பேட்டரி ரெண்டும் சார்ஜில் கிடக்கிறது.