கடினமான ஆட்டங்களே மீதமிருக்கும்போது ஓர் அணி பிளேஆஃப் (கோப்பைக்கான அடுத்த சுற்று) போக முடியுமா?

முடியும். மன்னார்குடியிலிருந்து சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் ஆட்டங்களை விடாமல் பார்ப்பவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். 2023-24 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் 12 அணிகள், அணிக்கு 22 ஆட்டங்கள். முதல் 6 இடங்களுக்கு பிளேஆஃப். கடைசிக் கட்டத்தில் சென்னை அணி கொல்கத்தாவுக்கே சென்று, அந்த ஆண்டு லீக் சுற்றில் முதலிடம் பிடித்து ஷீல்டை வென்ற மோகன் பகானை 3-2 என வீழ்த்தியது. கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர்ந்த நாளின் மகிழ்ச்சி எனக்கு! 27 புள்ளிகளுடன் ஆறாம் இடம் கிடைத்தது.

எதிரணி எவ்வளவு பெரியது என்பதைவிட, ஆறாம் இடத்துக்கு மோதும் அணிகளோடு நேரடி ஆட்டம் மீதமிருக்கிறதா என்று பாருங்கள். அதில் வென்றால் நமக்கு 3 புள்ளிகள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. டிரா ஆனால் இருவருக்கும் தலா ஒரு புள்ளி. இடைவெளி அப்படியே நிற்கும்.