ஒரு வள்ளம் போதும்

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தத்துவ அறிமுக வகுப்பு எடுக்கிறேன். புதிர்களும் முரண்களும் வைத்துத் தொடங்கினேன். பாதி தூரம், அதில் பாதி என்று போய்க்கொண்டே இருப்பதால் ஊர் சேரவே முடியாத பயணி, தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளாத எல்லோருக்கும் அவர்களுக்கு மட்டுமே சவரம் செய்யும் நாவிதர், எல்லாப் பலகையும் மாற்றப்பட்ட கப்பல், ‘நான் சொல்வது பொய்’ என்பவன் என்று ஒரே நாளில் ஏழெட்டு சொன்னேன். கைதட்டி ரசித்தார்கள். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. ‘இதெல்லாம் வித்தை காட்டுவது, முதலில் நம் மரபு நூல்களைப் படிக்க வை’ என்கிறார் வாசகர் வட்டத்து மூத்தவர் ஒருவர். எங்கே பிசகு?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: முரண்களில் தொடங்கியது சரி. ஒரே நாளில் ஏழெட்டைக் கொட்டியதுதான் பிசகு. அந்தப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் எதையும் தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் அங்கே வரவில்லை.

விடுகதைக்கு விடை, அதைப் போட்டவரிடம் இருக்கும். தத்துவ முரணில் அப்படி யாரிடமும் பத்திரமாக இல்லை. தனித்தனியாகக் கேட்டால் நாம் தலையாட்டிவிடும் மூன்று நான்கு நம்பிக்கைகளை ஒரே இடத்தில் நிறுத்தினால், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எதை விடுவது, விட்டால் வேறு என்னென்ன கூடவே போகும் என்று கணக்குப் பார்ப்பதுதான் வேலை. அதை மாணவர் செய்ய வேண்டும், நீங்கள் செய்துகாட்டக் கூடாது.

நாவிதர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தனக்குச் சவரம் செய்துகொள்வாரா? செய்தால் செய்யக் கூடாது, செய்யாவிட்டால் செய்தாக வேண்டும். ‘அப்படி ஒரு நாவிதர் இருக்கவே முடியாது’ என்று ஒரே வரியில் முடிக்கலாம். அது சரியான விடைதான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 1901இல் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கண்ட முரண் கணங்களைப் பற்றியது, அதாவது பொருள்களின் தொகுதிகளைப் பற்றியது: தனக்குத் தானே உறுப்பாக இல்லாத கணங்களையெல்லாம் ஒரு கணமாகச் சேர்த்தால், அந்தக் கணம் தனக்கு உறுப்பா, இல்லையா? இங்கே ‘அப்படி ஒரு கணம் இல்லை’ என்று சொல்லித் தப்ப முடியவில்லை. ஒரு தன்மையைச் சொன்னால் அது உள்ளவற்றின் தொகுதி ஒன்று உண்டு என்பதை இயல்பான உண்மையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். எண்கணிதத்தையே தருக்கத்தின்மேல் கட்ட முயன்ற காட்லாப் ஃபிரேகேயின் நூலின் இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தபோது, 1902 ஜூனில், ரஸ்ஸலின் கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபிரேகே அதை மறைக்கவில்லை. 1903இல் வெளிவந்த அந்தத் தொகுதிக்குப் பின்னிணைப்பு எழுதி, தன் அஸ்திவாரம் ஆட்டம் கண்டதை ஒப்புக்கொண்டார். இதைச் சொல்லாமல் நாவிதரை மட்டும் சொன்னால், பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரு துணுக்கு.

பயணி கதைக்கும் இதே கதி நேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எலியா ஊர் கிரேக்கத் தத்துவர் ஸீனோ சொன்னதை நம் ஊர்ப் பாதையில் வைத்துப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். முதலில் பத்து, பிறகு ஐந்து, பிறகு இரண்டரை. எப்போதும் பாதி பாக்கி இருக்கும். கணக்கு படிக்கிற பையன் ஒருவன் எழுந்து, ‘முடிவிலித் தொடர், கூட்டினால் 20 வரும் சார்’ என்று சொல்லியிருப்பான், நீங்களும் சபாஷ் சொல்லி அடுத்ததுக்குப் போயிருப்பீர்கள். அவனை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். கூட்டுத்தொகை 20 என்பது சரி. முடிவே இல்லாத படிகளை ஒருவன் செய்து ‘முடித்தான்’ என்றால் என்ன பொருள்? கொட்டாரம் தாண்டியபின் கடைசிப் படி என்று ஒன்று இருந்ததா? இல்லையென்றால் பஸ் எப்படிச் சேர்ந்தது? தூரத்தை வரம்பின்றிப் பகுக்கலாம் என்பதை விடுவாயா, பகுத்த ஒவ்வொன்றும் தனிச் செயல் என்பதை விடுவாயா? ஒரு மணி நேரம் இதற்கே போதாது.

‘நான் சொல்வது பொய்’ என்பதைத் தொடக்கக்காரர்களிடம் கொண்டுபோகாதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் 1930களில் தருக்க அறிஞர் ஆல்ஃபிரட் டார்ஸ்கி ‘உண்மை’ என்ற சொல்லை வரையறுக்கச் செய்த கடினமான வேலைக்குப் போக வேண்டிவரும்.

உங்களுக்கு வேண்டியது கப்பல் ஒன்றுதான். அதையும் கப்பலாகச் சொல்லாதீர்கள். ஏதென்ஸ்காரர்கள் தங்கள் பழங்கதை வீரன் தீசியஸின் கப்பலில் உளுத்த மரங்களை மாற்றி மாற்றி வைத்துக் காத்தார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருப்பது பிறகு தெரிந்தால் போதும். குளச்சலிலிருந்தோ முட்டத்திலிருந்தோ வரும் ஒரு பிள்ளையிடம் அவள் வீட்டு வள்ளத்தை வைத்துக் கேளுங்கள். ஒரு பலகை மாற்றினால் வேறு வள்ளமா? இல்லை என்பாள். அடுத்த ஆண்டு இன்னொன்று? இல்லை. கடைசிப் பலகையும் மாறியபின்? ‘அப்பவும் அது எங்க அப்பாக்க வள்ளம்தான் சார்.’ சரி, கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் அடுத்த வீட்டுக்காரர் கொட்டகையில் சேர்த்து வைத்து, அதே வரிசையில் மறுபடியும் கட்டிவிட்டார் என்று வையுங்கள். இது 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் கொடுத்த திருப்பம். இப்போது இரண்டு வள்ளம் கரையில் கிடக்கிறது. எது அப்பாவுடையது? பக்கவாட்டில் எழுதிய பதிவு எண்ணைச் சொல்லுவாள் ஒருத்தி. எண்ணை அழித்து மற்றதில் எழுதினால் வள்ளமும் அங்கே போய்விடுமா? இடைவெளி விடாமல் தொடர்ந்து கடலுக்குப் போனதுதான் அது என்பான் ஒருவன். அப்படியானால் ஒரு பருவம் முழுக்கப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்த வள்ளம்? தாத்தா கை பட்ட மரம்தான் வேண்டும் என்று ஒரு பிள்ளை பிடிவாதமாக நிற்கலாம். அந்தப் பிடிவாதத்தை மதியுங்கள். அவள் ‘மரம்தான் வள்ளம்’ என்ற நம்பிக்கையைக் காப்பாற்ற, தன் வீட்டார் இன்று ஏறிப்போகும் வள்ளத்தை விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

அங்கிருந்து பெரிய கேள்விகளுக்கு வழி தானாகத் திறக்கும். ஐந்து வயதுப் படத்தில் இருப்பது நான்தானா? 1956 நவம்பர் 1 அன்று, நம் கன்னியாகுமரி மாவட்டமான தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. எது மாறியது, எது மாறவில்லை?

மூத்தவர் கேட்கும் மரபு நூல்களைப் பிள்ளைகள் தேட ஆரம்பிப்பது இந்தக் கட்டத்தில்தான். கேள்வி கடிக்காத பிள்ளையிடம் அவற்றைக் கொடுத்தால் மனப்பாடம் செய்யும், அவ்வளவுதான். நம் மரபும் அப்படிக் கற்பிக்கவில்லை. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் மகனிடம் ஆலம்பழத்தைக் கொண்டுவரச் சொல்லி, உடைக்கச் சொல்லி, விதையையும் உடைக்கச் சொல்லி, என்ன தெரிகிறது என்று கேட்கிறார். ‘ஒன்றுமில்லை’ என்று மகன் சொன்ன பிறகுதான் மேலே பேசுகிறார். ‘மிலிந்த பஞ்ஹா’ என்ற பௌத்த நூலில் மிலிந்த மன்னனிடம் துறவி நாகசேனர் கேட்டதும் வள்ளக் கேள்விதான்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? உறுப்புகளைத் தவிர அங்கே தேர் என்று தனியாக ஒன்று இல்லை என்பது பௌத்தரின் பதில். நம் பௌத்தக் காப்பியத்தில் மணிமேகலை பல சமயக் கணக்கரின், அதாவது சமய வாதிகளின், வாதங்களைக் கேட்பது 27ஆம் காதையில். எந்த வாதம் எங்கே பழுதாகிறது என்று பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அவள் கற்பது 29ஆம் காதையில். எதிர்ப்பக்கத்தில், அதே பெயருள்ள சமணக் காப்பியத்தின் நாயகி நீலகேசி நிற்கிறாள். எல்லாம் கணந்தோறும் அழிந்து பிறக்கிறது என்ற பௌத்தக் கொள்கையை மறுத்து, பொருள் நிலைக்கிறது, அதன் நிலைகள் மாறுகின்றன என்று சமணத்தின் பக்கம் வாதாடுகிறாள். இந்தச் சண்டை முழுக்கத் தமிழிலேயே நடந்திருக்கிறது. உங்கள் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் எடுத்த இரண்டு கட்சிகளும் அதில் இருக்கின்றன.

மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலைக்கு அவர்களைக் கூட்டிப்போங்கள். பாறையில் சமணரின் வழிபாட்டுக்குரிய தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன, 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சமணர் இருந்த அதே இடத்தில் பின்னாளில் பகவதி வழிபாடு வந்தது. அதே கோயிலா என்று அங்கே நின்று அவர்களே கேட்பார்கள், நீங்கள் தூண்ட வேண்டியதில்லை.

வரும் ஞாயிறு வள்ளம் ஒன்றை மட்டும் எடுங்கள். பேச்சு தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் முடிவை நோட்டில் எழுதட்டும், முடிந்தபின் எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று அதற்குக் கீழே எழுதட்டும். நீங்கள் அன்று உங்கள் கட்சியைச் சொல்ல வேண்டாம். மூன்றாவது வாரம் நீலகேசியின் பௌத்த வாதப் பகுதியை வாசித்து விளக்க அந்த மூத்தவரையே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் படித்தவர் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது, பிள்ளைகள் மடக்கினால் பதில் சொல்லத் தயாராக வரச் சொல்லுங்கள்.