தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தை ஏன் கொழுகொழுவெனப் பிறக்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பாட்டி கேட்டிருக்கிறார்: கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தம் மகளுக்கு 4 கிலோ எடையில் பேத்தி பிறந்தாள், மணிக்கட்டில் நூல் கட்டியதுபோல் மடிப்பு விழுந்திருக்கிறது, இதற்கு ஹார்மோன் காரணமா?

ஆம் அம்மா, முதன்மையாக இன்சுலின். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் செல்லும். தாயின் இன்சுலின் தாண்டாது. ஆகவே, மிகுதியாக வந்து சேரும் சர்க்கரைக்கு ஈடுகொடுக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்க, அது குளுக்கோஸைக் கொழுப்பாக மாற்றிச் சேமிக்க வைப்பதுடன், சேமித்த கொழுப்பு கரைவதையும் தடுக்கிறது. கொழுப்புத் திசு ஏறத்தாழ 14ஆவது வாரத்திலேயே தோன்றத் தொடங்கினாலும் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது என்பதால், அப்போது சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது மிக முக்கியம்.

எல்லாக் கொழுப்பும் கேடன்று. தோள்பட்டைகளுக்கு இடையிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பு, பிறந்த குழந்தையின் உடலைச் சூடாக வைத்திருக்கிறது. தைராய்டு ஹார்மோனும், பிரசவத்துக்கு முன் உயரும் கார்டிசால் என்ற ஹார்மோனும் அதைப் பக்குவப்படுத்துகின்றன.

தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுவிடும். குழந்தையின் இன்சுலினோ உடனே குறையாது; அதனால் குழந்தையின் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். பிறந்த முதல் நாளில் குதிகாலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்ப்பது இதனால்தான்.