நீக்குவது வேறு, பூட்டுவது வேறு

அன்புள்ள ஐயா,
ஒரு சட்டத்தை மக்களே பெரும்பான்மையாக வாக்களித்து நீக்கிய பிறகு, நாலைந்து நீதிபதிகள் அதைச் செல்லாது என்பது ஜனநாயகமா? சுவிட்சர்லாந்து மாதிரி நமக்கும் பொதுவாக்கெடுப்பு வேண்டாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

சுவிட்சர்லாந்தை இப்போதைக்கு விடுங்கள். கொஞ்ச நாளாக நான் 1964-இன் கலிஃபோர்னியாவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சரியான நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

நிறத்தையோ மதத்தையோ காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று 1963-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் பைரன் ரம்ஃபோர்ட், பெர்க்லியில் மருந்துக்கடை நடத்திய கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர். வீடு, மனை விற்பவர்களின் சங்கம் கொதித்துப்போய்க் கையெழுத்து திரட்டி, 14-ஆம் முன்மொழிவு என்று அடுத்த ஆண்டே வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. அதில் நிறம் என்ற பேச்சே கிடையாது. தன் வீட்டை யாருக்கு விற்பது, யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது சொந்தக்காரர் இஷ்டம், அரசு தலையிடக் கூடாது. எவ்வளவு சாதுவான வாக்கியம்! சென்னையில் நான் வீடு தேடி அலைந்தபோது, அட்வான்ஸ் வரை பேசிவிட்டு, “நீங்க என்ன ஆளுங்க?” என்று விசாரித்த பிறகு, “சொந்தக்காரங்க வர்றாங்க, கொடுக்கிறதா இல்லை” என்றார் ஒருவர். அவரும் சாதுதான்.

ஏறக்குறைய 65 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதி லிண்டன் ஜான்சனையும் அதே நாளில் அதே மாநிலம் அமோகமாக ஜெயிக்க வைத்தது.

வெறுமனே நீக்கியிருந்தால் நானும் உங்கள் கட்சிதான். அடுத்த சட்டமன்றம் வேண்டுமானால் திரும்ப இயற்றிக்கொள்ளும். இவர்கள் அதை மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள், ஐயா! இனி சட்டமன்றம் நினைத்தாலும் முடியாது, நகராட்சி நினைத்தாலும் முடியாது. சாலை வேண்டும் என்பவன் உறுப்பினரைப் பிடித்தால் போதும். வீடு கிடைக்காதவன் மட்டும், தனக்கு எதிராக வாக்களித்த அதே மக்களிடம் போய் அரசியலமைப்பையே மாற்றித் தாருங்கள் என்று நிற்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ‘மக்கள் தீர்ப்பு’ என்று நீங்கள் எழுதினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

சாண்டா ஆனாவில் வீடு மறுக்கப்பட்ட மல்கி தம்பதியரின் வழக்கில், 1966-இல் மாநில உச்ச நீதிமன்றமும் 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்த 14-ஆம் முன்மொழிவைச் செல்லாது என்றன. நாலைந்து நீதிபதிகள் என்று கிண்டலாக எழுதினீர்களே, கடைசித் தீர்ப்பு ஐந்துக்கு நான்குதான். நாலு பேர் உங்கள் பக்கம். அவர்களுக்காக நீதிபதி ஹார்லன் எழுதியதைத் தேடிப் படியுங்கள். உங்கள் வாதத்தை உங்களைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டு எழுதுங்கள், சண்டை போடலாம்.