தூக்கா, திருத்தமா: நீதிமன்ற முதலியாரிடம் கேட்டவை

திருகோணமலை நீதிமன்றங்களில் 31 வருடம் முதலியாராக இருந்தேன். அதாவது தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பவன். சட்டத்தரணி இல்லை. எந்த நாட்டுத் தண்டனை சரி, எது பிழை என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

சுதன், உப்புவெளி: ஐயா, இலங்கையில் தூக்குத் தண்டனை இருக்கிறதா, இல்லையா?

சட்டத்தில் இருக்கிறது, தீர்ப்பும் வழங்குகிறார்கள். ஆனால் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1976 ஜூன் 23. 1956இல் வந்த பண்டாரநாயக்க அரசு தூக்கை நிறுத்தி வைத்தது, 1959இல் அவரையே சுட்டுக் கொன்றபிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள், சுட்ட சோமாராம 1962இல் தூக்கிலிடப்பட்டார். 2019இல் போதைப்பொருள் வழக்குக் கைதிகள் நான்கு பேரின் மரண ஆணையில் ஜனாதிபதி சிறிசேன கையெழுத்து வைத்தார், தூக்கிலிடுபவர் வேலைக்கு விளம்பரம்கூட வந்தது. உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது.

பிரசாத், லிங்கநகர்: சிங்கப்பூர் மாதிரி நாலு பேரைத் தூக்கினால் ஐஸ் போதைப்பொருள் தானாக ஒழியும். எங்கள் சட்டம் மென்மையாக இருப்பதுதானே பிரச்சினை?

தம்பி, எங்கள் சட்டம் மென்மை இல்லை. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெரோயின் கடத்தினால் மரண தண்டனை. இங்கே 1984இலிருந்து 2 கிராமுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள். 2022இல் ஐஸையும் சேர்த்து, அதற்கு 5 கிராம் என்று வைத்தார்கள். கடதாசியில் பார்த்தால் சிங்கப்பூரைவிட நாங்கள்தான் கடுமை. அப்படியிருந்தும் ஐஸ் பள்ளிக்கூட வாசல்வரை வந்திருக்கிறது என்றால் குறை தண்டனையின் அளவில் இல்லை. பிடிபடுவோம், வழக்கு முடியும் என்ற பயம் இல்லை, அதுதான் குறை. பெரிய வியாபாரி பிடிபடுவதில்லை, பிடிபட்ட பொடியனின் வழக்கு வருடக்கணக்கில் தவணை போகிறது.

சிங்கப்பூரிலும் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழரைத் தூக்கிலிட்டார்கள், சுமார் ஒரு கிலோ கஞ்சா கடத்த உடந்தை என்று. பொருள் அவர் கையில் பிடிபடவில்லை, தொலைபேசி எண்களை வைத்துத்தான் தொடர்பு காட்டினார்கள். வாக்குமூலம் எடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், தரவில்லை என்று அவர் சொன்னதை நீதிமன்றம் நம்பவில்லை. சவூதி அரேபியாவில் குழந்தையைக் கொன்றாள் என்று தலை வெட்டப்பட்ட எங்கள் மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள்.

நிரோஷன், நிலாவெளி: நோர்வேயில் 77 பேரைக் கொன்றவனுக்கு வெறும் 21 வருடம். இது நியாயமா?

21 வருடம் முடிந்ததும் கதவைத் திறந்து விட்டுவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கொலையாளி பிரெய்விக்குக்கு 2012இல் கொடுத்தது தடுப்புக் காவல் வகைத் தண்டனை. ஆபத்தானவன் என்று நீதிமன்றம் கருதினால் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொண்டே போகலாம், சாகும்வரைகூட. 2022இல் விடுதலை கேட்டான், மறுத்தார்கள். நான் கவனித்தது வேறு. 2011 ஜூலையில் கொலை நடந்தது, 2012 ஆகஸ்டில் தீர்ப்பு வந்துவிட்டது. பதின்மூன்று மாதம். எங்கள் ஊரில் ஒரு வெட்டுக்குத்து வழக்குக்குக் குற்றப்பத்திரம் வரவே அதைவிட அதிக காலம் ஆகும்.

பெயர் வேண்டாம், சீனக்குடா: பிரம்படியாவது கொண்டுவரலாமே?

இருந்தது. 2005இல் சட்டம் போட்டு நீக்கினார்கள்.

ஒரு தாய், பாலையூற்று: ஐயா, மகன் ஐஸ் பாவிக்கிறான். பொலிஸில் சொன்னால் திருந்துவானா?

அம்மா, இது என் துறை இல்லை, தெரியாமல் சொல்லி உங்களை வழிதவற விடக்கூடாது. முதலில் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிலும் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்வேன். போர்த்துக்கலில் 2001இலிருந்து சொந்தப் பாவனைக்குப் பத்து நாள் அளவுக்குள் வைத்திருப்பவரைக் குற்றவாளியாக்காமல் ஆலோசனைக் குழு முன்னால் அனுப்புகிறார்கள். விற்பவனுக்கு அங்கேயும் சிறைதான். உங்கள் மகன் விற்பவன் இல்லை, நோயாளி.

ஹனீபா, மூதூர்: சேர், ரிசானாவை வைத்து மார்க்கத்தைக் குறை சொல்லாதீர்கள். கொலைக்குக் கொலை எங்களுக்கு நீதி.

மார்க்கத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. நான் கேட்பது அந்தத் தண்டனைக்கு முந்திய இடத்தை. 2005இல் அவள் வீட்டு வேலைக்குப் போய்ச் சில கிழமைதான், அந்த வீட்டுக் குழந்தை இறந்தது. பிறப்புச் சான்றிதழின்படி அவளுக்கு 17 வயது, கடவுச்சீட்டில் 23. பால் கொடுக்கும்போது புரைக்கேறிவிட்டது என்பதுதான் அவள் சொன்னது. முதல் வாக்குமூலம் எடுத்தபோது தகுந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லை. பிறகு அதை மறுத்தாள், எடுபடவில்லை. 2007இல் தீர்ப்பு, 2013 ஜனவரி 9இல் தலை வெட்டினார்கள். கொலைக்குக் கொலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது கொலைதானா என்பதை அவளுடைய மொழியில் கேட்டார்களா?

ஓர் ஆசிரியை, கிண்ணியா: மொழிபெயர்ப்பாளர் இருந்தால் மட்டும் தீர்ப்பு மாறியிருக்குமா? உங்கள் தொழிலைப் பெரிதாக்கிப் பேசுகிறீர்கள்.

மாறியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன் டீச்சர். ஆனால் என் கண்முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மீனவர், கொலைக் குற்றச்சாட்டு. கரையில் வாய்த்தர்க்கம், மற்றவர் விழுந்து தலையில் அடிபட்டு இறந்துவிட்டார். பொலிஸ் வாக்குமூலத்தில் சிங்களத்தில் "நான் அவரைத் தள்ளினேன், விழுந்துவிட்டார்" என்று இருந்தது, கீழே இவருடைய கையெழுத்து. சாட்சிக் கூண்டில் அவர் தமிழில் சொன்னது "தள்ளினன், விழுந்திட்டார்" என்று மட்டும்தான். வாய் திறந்து மொழிபெயர்க்கப் போனவன் நின்றுவிட்டேன், ஏனென்றால் 'அவரை' என்ற சொல் அதில் இல்லை. நீதிபதியிடம் அனுமதி கேட்டு, எதைத் தள்ளினீர்கள் என்று கேட்டேன். "தோணியைத்தான் ஐயா." தோணியைக் கடலுக்குள் தள்ளும்போது அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சரிந்திருக்கிறார். பார்த்த சாட்சியும் பிறகு அதையே சொன்னார், மனிதர் விடுதலையானார். அதற்குள் இரண்டரை வருடம் விளக்கமறியலில் போய்விட்டது. அந்த இரண்டரை வருடத்தில் யாராவது அவரைத் தூக்கியிருந்தால், நான் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது?

ஹனீபா, மூதூர்: இறந்த குழந்தையின் தாயைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை சேர்.

உண்மை, எழுதியிருக்க வேண்டும். நாலு மாதக் குழந்தை. பெற்றவர்கள் மன்னித்திருந்தால் ரிசானா தப்பியிருப்பாள், அவர்கள் மன்னிக்கவில்லை, அது அவர்கள் உரிமை. ஆனால் தன் குழந்தை எப்படி இறந்தது என்ற உண்மை அந்தத் தாய்க்கும் கிடைக்க வேண்டியது. புரியாத மொழியில் எடுத்த வாக்குமூலம் அதை அவருக்கும் கொடுக்கவில்லை.

கஜன், அன்புவழிபுரம்: சிங்கப்பூரில் குற்றம் குறைவுக்குக் காரணம் தூக்குத்தானே?
வினோத், ஆண்டாங்குளம்: இலங்கையை ஏன் சிங்கப்பூர் ஆக்கக்கூடாது?

பிரசாத்துக்கு எழுதியதை வாசியுங்கள். 15 கிராம், 2 கிராம் என்ற அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிச் சிங்கப்பூர் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

றொஷான், திருகோணமலை நகரம்: எல் சல்வடோரில் எல்லாரையும் பிடித்து அடைத்தார்கள், கொலை நின்றுவிட்டதே?

2015இல் ஒரு லட்சம் பேருக்கு நூறுக்கு மேல் கொலை நடந்த நாடு அது, இப்போது மிகவும் குறைந்துவிட்டது, மறுக்கவில்லை. அந்த மக்களின் நிம்மதியையும் நான் மதிக்கிறேன். ஆனால் 2022 மார்ச்சிலிருந்து அவசரகால நிலையில் எண்பதாயிரத்துக்கு மேல் பிடித்தார்கள், அதில் சம்பந்தமில்லாதவர்களும் அகப்பட்டார்கள். சந்தேகத்தில் அள்ளி அடைப்பது எப்படி இருக்கும் என்று 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குள் வாழ்ந்த எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

தர்ஷினி, உவர்மலை: 2006 ஜனவரி 2, கடற்கரையில் எங்கள் ஐந்து மாணவர்கள். அவர்களைக் கொன்றவர்களுக்கும் மென்மையான தண்டனைதான் கேட்பீர்களா?

தங்கச்சி, நான் மென்மை கேட்கவே இல்லை. அந்த வழக்கில் கடுமையா மென்மையா என்ற கேள்விக்கே இடம் வரவில்லை. சாட்சி சொல்லக்கூடியவர்கள் பயந்து நாட்டைவிட்டே போனார்கள், 2019 ஜூலை 3இல் விசேட அதிரடிப் படையினர் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். மிருசுவிலைப் பாருங்கள். 2000இல் எட்டுப் பேர் கொலை, 2015இல் ஓர் இராணுவத்தினனுக்கு மரண தண்டனை, 2019இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, 2020 மார்ச்சில் பொதுமன்னிப்பில் ஆள் வெளியே. இதைவிடக் கடுமையான தண்டனை சட்டத்தில் இல்லை. அது எதற்கு உதவியது? குற்றம் செய்தவன் யாரென்று நீதிமன்றத்தில் நிரூபணமாகி, பத்து வருடமென்றாலும் அந்தப் பத்து வருடத்தை அவன் உள்ளே இருந்து கழித்தால் எனக்குப் போதும்.

அஸ்வர், தோப்பூர்: பொலிஸில் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்டால் மறுக்கலாமா?

மறுக்கலாம். 1988இல் வந்த 16ஆம் திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். தமிழில் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சட்டத்தரணி வைக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போங்கள். எப்படியும் கையெழுத்து வைத்துத்தான் ஆகவேண்டும் என்று நெருக்கினால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே தமிழில் எழுதுங்கள்: "இது எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை." பக்கத்தில் திகதியும் நேரமும் போடுங்கள்.