டல்ஹவுசி பிரபுவின் குடும்ப மரபு எது? அவருக்குப் பின் பட்டம் யாரிடம் சென்றது?

1848 முதல் 1856 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த டல்ஹவுசி, அதாவது ஜேம்ஸ் ராம்சே, எடின்பரோவுக்கு அருகிலுள்ள டல்ஹவுசி கோட்டையில் 1812-இல் பிறந்த ஸ்காட்லாந்துப் பிரபு ஆவார். ஒன்பதாம் டல்ஹவுசி ஏர்லான (ஏர்ல் என்பது பிரிட்டனின் ஒரு பிரபுப் பட்டம்) ஜார்ஜ் ராம்சேயின் மூன்றாவது மகனான அவர், அண்ணன்மார் இருவரும் இளமையிலேயே இறந்துவிட்டதால் வாரிசாகி, 1838-இல் பத்தாம் ஏர்ல் ஆனார். தாய் கிறிஸ்டியன், கோல்ஸ்டன் பிரவுன் குடும்பத்தின் வாரிசு. மனைவி சூசன், சென்னை மாகாண ஆளுநராக இருந்த ட்வீடேல் மார்க்விஸின் மகள். சூசன் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பும் கடற்பயணத்தில் 1853-இல் இறந்தார்.

வாரிசுச் சிக்கல்தான் இங்கே முக்கியமானது. பஞ்சாப் இணைப்புக்குப் பின் 1849-இல் டல்ஹவுசிக்கு அளிக்கப்பட்ட, ஏர்லைவிட உயர்ந்த மார்க்விஸ் பட்டம் ஆண் வாரிசுக்கே உரியது. அவருக்கோ இரண்டு மகள்கள் மட்டுமே. எனவே 1860-இல் அவர் இறந்தபோது அது மறைந்தது. பழைய ஏர்ல் பட்டம் மட்டும், கிரிமியப் போர்க் காலத்தில் பிரிட்டனின் போர்த்துறை அமைச்சராக இருந்த பங்காளி ஃபாக்ஸ் மோலைச் சேர்ந்தது. ஆண் வாரிசு இல்லையென்று தஞ்சை அரச மரபை 1855-இல் முடித்துவைத்ததும் டல்ஹவுசியின் நிர்வாகமே என்பதை நாம் மறக்கலாகாது.